பெயரில் ஆக்ஸிஜன் இருக்கு, மூச்சுக்கு உதவாது

1/ நம்ம நாகர்கோவிலில் 2011ல் நடந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்காக அரசு மருத்துவமனைக்குப் போன ஒரு பெண்ணுக்கு, ஆக்ஸிஜனுக்குப் பதிலா நைட்ரஸ் ஆக்ஸைடு போயிடுச்சு. கோமாவுக்குப் போனவர் மீளவே இல்லை. 2012ல் இறந்தார். 2018ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 28 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

2/ இதைச் சொன்னா பலரும் கேட்பது: "அதுலயும் ஆக்ஸிஜன் இருக்கே டாக்டர், அப்புறம் எப்படி மூச்சு முட்டும்?" நியாயமான கேள்வி. பதில் வேதியியலில் இருக்கு.

3/ அம்மோனியம் நைட்ரேட்டைப் பக்குவமா சூடுபடுத்தினா நைட்ரஸ் ஆக்ஸைடும் நீராவியும் வரும். சூடு எல்லை மீறினா நைட்ரிக் ஆக்ஸைடு மாதிரி நச்சு வாயுக்கள் சேரும், வெடிக்கவும் செய்யும். அதனால சுத்திகரிச்ச பிறகுதான் சிலிண்டருக்குள் போகும்.

4/ இதன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். உடைஞ்சா கிடைக்கும் கலவையில் 33% ஆக்ஸிஜன். நாம சுவாசிக்கிற காற்றிலேயே 21% தான்! ஆனா உடைய சுமார் 600 டிகிரி வெப்பம் வேணும். நம்ம உடம்பு 37 டிகிரி.

5/ அதனால நுரையீரலுக்குள் போன வாயு, கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வெளியே வந்துடும். அதிலிருக்கும் ஆக்ஸிஜன், பூட்டின பெட்டிக்குள் இருக்கும் சோறு மாதிரி. மயக்கம் தரும்போது கூடவே தனியா ஆக்ஸிஜன் கலப்பது இதனாலதான். தனியா கொடுத்தா சில நிமிஷத்தில் மூளை பாதிக்கும்.

6/ ஸ்கூல் லேப்ல கனன்றுகொண்டிருக்கும் குச்சியை ஆக்ஸிஜனுக்குள் விட்டா குப்பென்று எரியும், ஞாபகம் இருக்கா? நைட்ரஸ் ஆக்ஸைடிலும் எரியும். குச்சியின் சூடு அதை உடைச்சிடும். நெருப்பை ஏமாத்தலாம், உடம்பை ஏமாத்த முடியாது.

7/ இந்தியாவில் நைட்ரஸ் சிலிண்டர் நீலம். ஆக்ஸிஜன் கறுப்பு, தோள் பகுதி வெள்ளை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாதபடி ஊசி அமைப்பும் உண்டு. ஆனா நிறமும் ஊசியும் சிலிண்டரைத்தான் சொல்லும், உள்ளே நிரப்பியதைச் சொல்லாது. சுவர்க் குழாய்கள் மாறி இணைக்கப்பட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

8/ விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைஞ்ச பிறகுதான் கத்தும். நோயாளிக்குள் போகும் வாயுவில் எவ்வளவு ஆக்ஸிஜன்னு அளக்கும் அனலைசர், அதுக்கு முன்னாடியே எச்சரிக்கும்.

9/ என் கருத்து இதுதான். சின்ன ஆபரேஷனோ பெரிசோ, அனலைசர் வேலை செய்யாத தியேட்டரில் மயக்கம் கொடுக்கக் கூடாது. குழாயில் கை வைத்த ஒவ்வொரு முறையும் வாயுவைச் சோதிச்ச பிறகே நோயாளியை உள்ளே எடுக்கணும்.

10/ மயக்க மருந்தைக் கண்டு பயப்படாதீங்க. முறையா கொடுத்தா நைட்ரஸ் நல்ல மருந்து, 1844லிருந்து வலி போக்குது. ஆனா "ஆக்ஸிஜன் அளக்கிற மெஷின் ஓடுதா டாக்டர்?"ன்னு தைரியமா கேளுங்க. கேட்டா கோபப்பட மாட்டோம். கோபப்படவும் கூடாது.