தேகாரோக்கிய உபதேசமும் ஏலமலைத் தொழிலாளியும்

"அதிகாலையில் எழுந்திருங்கள். தினமும் நடந்து பழகுங்கள். மலைக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து விடுங்கள். அளவோடு உண்ணுங்கள். கம்பும் கீரையும் சாப்பிடுங்கள். நோய் உங்களை அண்டாது!"

இப்படி ஒரு உபதேசம் இன்று ஊரெங்கும் நடக்கிறது. மேடையில் நடக்கிறது, புத்தகமாக விற்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள்ளே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நோய் வந்தால் அது உன் பழக்கத்தின் கோளாறு. உன் முதலாளிக்கும் சர்க்காருக்கும் அதில் சம்பந்தம் இல்லை என்பதே அது!

இந்த உபதேசத்தை நமது சிலமலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

அதிகாலையில் எழ வேண்டுமாம். சிலமலையிலும் போடியைச் சுற்றிய பட்டிகளிலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் கோழி கூவுமுன்பே எழுந்து, உலை வைத்து, தூக்குச்சட்டியில் சோறு அடைத்துக்கொண்டு, இருட்டோடு ஜீப் ஏறுகிறார்கள். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைக் கடந்து உடும்பஞ்சோலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேருகிறார்கள்.

உடலை வளைக்க வேண்டுமாம். ஏலச்செடியின் சரம் தூரடியில், தரையை ஒட்டிப் படர்ந்து கிடக்கிறது. அதில் முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க, அட்டை கடிக்கும் ஈரத்தில், பொழுதெல்லாம் குனிந்தும் குத்தவைத்தும் வேலை செய்கிறார்கள். இதைவிட எந்த ஆசனம் பாக்கி?

அளவோடு உண்ண வேண்டுமாம். அதைக் கூலியே பார்த்துக்கொள்கிறது!

இத்தனை "இயற்கை வாழ்வு" வாழ்ந்தும் நமது ஜனங்களுக்குத் தலைசுற்றல் ஏன்? கண் எரிச்சல் ஏன்? இடுப்பு ஒடிவது ஏன்?

மலைக்காற்றில் என்ன இருக்கிறது?

சாப்பிட்டபின் ஒரு ஏலக்காய் மெல்லுங்கள் என்கிறார்கள் உபதேசிகள். அந்த ஏலக்காய் எப்படி விளைகிறது என்று கேட்டதுண்டா? இலைப்பேனுக்கும் தண்டு துளைக்கும் புழுவுக்கும் அஞ்சி, திரும்பத் திரும்ப மருந்தடிக்கப்படும் பயிர் அது. அடிப்பவன் மூச்சில் விஷம் போகிறது. நனைந்த சட்டை வழியே தோலுக்குள்ளும் போகிறது. குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை விஷங்கள் நரம்பைத் தாக்குபவை. தலைவலி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு என்று படிப்படியாக முற்றி மூச்சை நிறுத்தவும் வல்லவை. இதற்கு அதிகாலைக் காற்றும் கீரைச்சாறும் மாற்று ஆகுமா?

பிரசாதத்துக்கு ஒரு நியாயம், தொழிலாளிக்கு ஒரு நியாயம்

2023 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சபரிமலை அரவணைக்கு வாங்கிய ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. லட்சக்கணக்கான டின்கள் முடங்கின. 2024ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு கதை. நாம் கேட்பது ஒன்றுதான். காயில் ஒட்டிய மருந்தை அளக்க ஆய்வுக்கூடம் உண்டு. அந்தக் காயைப் பறித்த கையில் ஒட்டியதை அளப்பது யார்? அவள் ரத்தத்தைச் சோதிப்பது யார்?

2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. அந்த 7,000 ரூபாயில் ஒரு சோப்புக் கட்டிக்கும் ஒரு ஜோடி கையுறைக்கும் இடமில்லையா?

காசர்கோடு கற்றுத் தந்த பாடம்

காசர்கோட்டில் சர்க்கார் கம்பெனியின் முந்திரித் தோட்டங்களில், 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே குடியிருந்தவர்கள் ஓடைத் தண்ணீர் குடித்து, தங்கள் கொல்லையில் விளைந்ததைத் தின்று வாழ்ந்த எளிய ஜனங்கள். இயற்கை வாழ்வு அவர்களைக் காப்பாற்றியதா? ஊனத்தோடு பிறந்த குழந்தைகளைத் தாய்மார்கள் இடுப்பில் சுமந்தார்கள்.

அவர்களுக்கு நியாயம் எப்படி வந்தது? ஜனங்கள் போராடினார்கள். ஜனநாயக வாலிபர் சங்கம் வழக்காடியது. 2011 மே 13ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. இது உபதேசத்தால் வந்த ஆரோக்கியமா, போராட்டத்தால் வந்ததா?

ஆலைத் தோழர்களே!

உங்கள் கதையும் இதுவே. வார லீவு கழிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதே, அது உங்கள் சாப்பாட்டுக் குற்றமல்ல. அது பஞ்சுத் தூசி தந்த நுரையீரல் நோய். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே அதைத் தொழில் நோய் என்று பட்டியலில் வைத்தது.

எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்கிறார்கள். தூக்கத்துக்கு நேரம் எங்கிருந்து வரும்? எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு என்று 1886ல் சிகாகோத் தொழிலாளிகள் ரத்தம் சிந்தினார்கள். 1923ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். ஆனால் 2023 ஏப்ரலில் நமது சட்டசபையில் 12 மணி வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது! தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்ததால்தான் அது மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. உடம்புக்கு நல்ல தூக்கத்தையும் சங்கம்தான் காப்பாற்றியது.

நல்ல பழக்கத்துக்கு நாம் விரோதிகளா?

அல்ல. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நமது பாட்டன் பூட்டன் சொத்து. இன்று அதையே பட்டணத்துக் கடையில் பொட்டலம் கட்டி நமக்கே உபதேசிக்கிறார்கள். நாம் உடம்பைப் பேணத்தான் வேண்டும். மருந்தடித்த கையோடு சோறு தின்னாதீர்கள். வெற்றிலை, புகையிலை, பீடி தொடாதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். காலி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள். டப்பாவின் முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சையும் பால் அல்ல. யாருக்காவது மயக்கம் வந்தால் துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவி, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்து கொடுப்பார். அலுப்புக்குச் சாராயம் மருந்தல்ல. கூலியையும் ஈரலையும் சேர்த்துத் தின்னும் எதிரி.

ஆனால் கை கழுவத் தோட்டத்தில் தண்ணீர் வேண்டாமா? அந்தத் தண்ணீர் யார் பொறுப்பு?

சட்டம் சொல்கிறது, முதலாளி பொறுப்பு! 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010ல் சேர்த்த பிரிவு, பூச்சிமருந்து கையாளுவோருக்குப் பயிற்சி, பாதுகாப்பு உடை, குளிக்கும் வசதி, வைத்திய பரிசோதனை எல்லாம் தர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டாலும் பூச்சிமருந்து ஷரத்து அதிலும் உண்டு. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டம் அன்றும் வெளியே, இன்றும் வெளியே. இன்று ஒரு துண்டு நிலத்திலும் நாளை மற்றொன்றிலும் கூலி செய்யும் சிலமலைப் பெண்ணுக்குக் காகிதத்தில்கூடப் பாதுகாப்பு இல்லை.

நாம் கேட்பது இதுதான்:

1. மருந்தடிப்போர் எல்லோருக்கும், தோட்டம் பெரிதோ சிறிதோ, கையுறை, முகமூடி, பூட்ஸ், சோப்பு, தண்ணீர் முதலாளி செலவில் வேண்டும்.

2. மருந்தடித்த பாத்தியில், டப்பாவில் சொன்ன நாள் கழியும்வரை காய் எடுக்க ஆள் இறக்கக் கூடாது. அந்த நாளுக்குக் கூலியும் வெட்டக் கூடாது.

3. வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. ஆள் தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில் என்று இரு சர்க்கார்களும் கை கழுவக் கூடாது.

4. பிரயாணத்துக்கு ஆள் கணக்கு மீறாத, பத்திரமான வண்டி. போய்வரும் நேரமும் வேலைக் கணக்கில் சேர வேண்டும்.

1845லேயே எங்கெல்ஸ் மான்செஸ்டர் ஆலைச் சேரிகளைக் கண்டு, தொழிலாளியை அகாலமாய்ச் சாகவிடும் சமுதாயம் கொலை செய்கிறது என்று குற்றம் சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டு இன்றும் நிலுவையில் இருக்கிறது.

தோழர்களே! ஜீப் ஏறுமுன் பக்கத்து ஆளிடம் பேசுங்கள். இந்த நாலு கோரிக்கையையும் படித்துக் காட்டுங்கள். தனியாளாய்க் கேட்டால் கங்காணி மறுநாள் ஜீப்பில் இடமில்லை என்பான். ஜீப்பே ஒன்றாய்க் கேட்டால் யாரை இறக்கிவிடுவான்? சங்கத்தில் சேருங்கள்! சேர்ந்து கேளுங்கள்!