பழைய கோப்புகள் தீங்கற்றவை அல்ல

மென்பொருளை மேம்படுத்திய பிறகு சர்வரில் எஞ்சும் பழைய கோப்புகளைத் தொட வேண்டாம், புதிய பதிப்பு அவற்றை அழைப்பதே இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அழைப்பதில்லை என்பது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் ஆபத்து. புதிய நிரல் அழைக்கிறதா என்று வெப் சர்வர் பார்ப்பதில்லை. பொது அடைவுக்குள் கிடக்கும் பிஎச்பி கோப்பை, முகவரி தெரிந்த எவரும் வெளியிலிருந்து நேரடியாக இயக்க முடியும். பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியின் பழைய பதிப்புகளில் உள்ள ஈவல்-ஸ்டிடின் கோப்பு, அனுப்பப்படும் எந்த நிரலையும் அப்படியே இயக்கிவிடும். அந்த ஓட்டை 2017இல் பதிவானது. 2020 ஜனவரியிலும், மாட்யூல்களுக்குள் கிடக்கும் அந்தக் கருவியின் அடைவை நீக்குங்கள் என்று இணையக் கடை மென்பொருளான பிரஸ்டாஷாப் எச்சரிக்க வேண்டியிருந்தது. இணையக் கடையை நடத்த அந்தக் கருவி ஒருபோதும் தேவைப்பட்டதில்லை! 2015இல் வேர்ட்பிரஸ் 4.2.2, ஜெனெரிகான்ஸ் எழுத்துருவுடன் வந்த ஒரு மாதிரி எச்டிஎம்எல் பக்கத்தைத் தளங்களுக்குள் தேடிப்பிடித்து அழித்தது. அதுவும் எந்த நிரலும் அழைக்காத பக்கம்தான்.

அழித்தால் தளம் உடையும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க யாரும் சொல்லவில்லை. கைவிடப்பட்ட கோப்புகளின் பட்டியல் வேர்ட்பிரஸின் மேம்படுத்தல் நிரலிலேயே இருக்கிறது. அதன் கட்டளை வரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் செக்சம் சோதனை, மைய அடைவுகளில் இருக்கக் கூடாதவற்றைப் பெயர் சொல்லிக் காட்டும். முதலில் பேக்கப் எடுங்கள். அதைப் பொது அடைவுக்கு வெளியே வையுங்கள். ‘.பேக்’ என்று பெயர் மாற்றி அங்கேயே விட்ட கான்ஃபிக் கோப்பைப் பெரும்பாலான சர்வர்கள் வெறும் உரையாகக் கேட்டவருக்குக் கொடுத்துவிடும், தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட.