தறியில் மோட்டார்: எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை

கைத்தறியில் மோட்டார் பொருத்தலாமா என்று அதிகாரிகளும் கேட்கிறார்கள், எங்கள் உறுப்பினர்களும் கேட்கிறார்கள். நெசவாளர் சங்கமாக எங்கள் பதில் இது: ஜக்கார்டு பெட்டியைத் தூக்க மோட்டார் வைக்கலாம். நாடாவை ஓட்டவும் அச்சுப் பலகையை அடிக்கவும் மோட்டார் வந்துவிட்டால் அது விசைத்தறிதான். அதில் நெய்த துணியைக் கைத்தறி என்று விற்கக் கூடாது.

கரையிலும் உடலிலும் வேலைப்பாடு நிறைந்த பட்டுச் சேலைக்கு ஊடைக்கு ஊடை மிதியை அழுத்தி ஜக்கார்டைத் தூக்க வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க இதைச் செய்பவருக்கு முதலில் முழங்கால் போகும், பிறகு இடுப்பு. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டை ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது. கால் கொடுப்பது வெறும் பலம். அந்தப் பலத்தை மின்சாரம் கொடுத்தால் நெசவில் ஒரு குறையும் வராது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமானோர் இத்தொழிலில் இருக்கிறார்கள்; அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். மிதியின் பாரம் குறைந்தால் இன்னும் பல ஆண்டுகள் தறியில் உட்காரக்கூடியவர்கள் அவர்கள்தான். தார் சுற்ற எத்தனையோ வீடுகளில் மோட்டார் வந்தாகிவிட்டது. அதனால் சேலை கைத்தறி இல்லை என்று யாரும் சொன்னதில்லையே!

கையின் கதை வேறு. ஊடையை எவ்வளவு நெருக்கி அடிப்பது, இழை தளர்ந்தால் எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் நெய்பவரின் கையில் இருக்கிறது. காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடும். கூட ஒருவர் உட்கார்ந்து ஒரு நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். கையை எடுத்துவிட்டால் இந்த நெசவுக்கு வழியில்லை.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்கிறது. உச்ச நீதிமன்றம் 1993இல் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ரகங்கள் 22இலிருந்து 11ஆகச் சுருங்கிவிட்டன. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வரையறையையே மாற்ற ஒரு யோசனை எழுந்தது: நெசவின் ஏதாவது ஒரு கட்டத்தில் மனிதக் கை பட்டால் போதும், அது கைத்தறி! விசைத்தறியிலும் ஒருவர் தார் மாற்றுகிறார், அறுந்த இழையை முடிகிறார். அந்த அளவுகோலில் எந்தத் தறிதான் கைத்தறி ஆகாது? எதிர்ப்பு கிளம்பியது, சட்டம் மாறவில்லை. எந்தப் பெயரில் திரும்பி வந்தாலும் அதை எதிர்ப்போம்.

விசைத்தறிக்காரர்களை நாங்கள் பகைக்கவில்லை. ஈரோடு, குமாரபாளையம், சேலம் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர்களில் பலர் கைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகள். எங்களிலும் இளைஞர்கள் சிலர் முழுத் தறிக்கும் மோட்டார் வேண்டும் என்கிறார்கள். கூலியைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. மாற விரும்புபவர் மாறட்டும். அதற்குக் கடன் உதவியும் கிடைக்கட்டும். தமிழக அரசு விசைத்தறிக்கு 1,000 யூனிட் வரை இலவச மின்சாரம் தருகிறது, கைத்தறிக்கு 300. அவரவர் தறிக்கு உரிய சலுகை அவரவருக்கு. துணியின் பெயர் மட்டும் மாறக் கூடாது.

ஜக்கார்டை மட்டும் மின்சாரம் தூக்கும் தறி கைத்தறியே என்று மத்திய அரசு எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். அதுவரை, இந்த மோட்டாரை வைத்த நெசவாளரின் சங்க உறுப்பினர் அட்டையிலோ சலுகையிலோ யாரும் கை வைக்கக் கூடாது. ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி நடக்கும் சோதனை தறிக்கூடத்தோடு நிற்கவும் கூடாது. ஜமக்காளம் ஒதுக்கப்பட்ட ரகம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்படியிருந்தும் அதன் விசைத்தறி நகல் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அமலாக்க அதிகாரிகள் முதலில் அந்தக் கடைகளின் கொள்முதல் ரசீதுகளைக் கேட்கட்டும்.