பிள்ளை எந்த எல்லையைத் தாண்டிற்று?

தந்தை தேடிய பொருள் பிள்ளையைச் சேரும். அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு அவர் பட்ட கடனும் சேரும். ஆனால், தந்தை உயிர் தப்ப ஓடிய ஓட்டத்துக்கான தண்டனையும் பிள்ளையின் தலையில் ஏற வேண்டும் என்பது எந்த அறநூல் சொன்ன நீதி? சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில், நம் கண்ணெதிரே அந்த நீதிதான் நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியை நம்மில் பலர் அதன் தொழிற்பேட்டையால் அறிவர். சிப்காட் வளாகமும் இரும்பு ஆலைகளும் ஓயாத லாரிகளும் அவ்வூரின் அடையாளங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வருவோர் அங்கே இறங்கிய நாளிலேயே இந்நாட்டின் குடிமக்கள். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்கே பிறந்து, அங்குள்ள பள்ளியில் திருக்குறள் படித்து, சுவருக்குச் சாயம் பூசியோ ஆலையில் கூலிவேலை செய்தோ பிழைத்து, இப்போது தானே தகப்பனாகிவிட்டவன் மட்டும் அயலான்! அவனுடைய பிள்ளையும் அயலான்!

இது எவ்வாறு நேர்ந்தது? சட்டத்தின் இரு கதவுகளுக்கிடையே பிள்ளையின் விரல் நசுங்கிய கதை இது.

முதற்கதவு இலங்கையுடையது. அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் குடியுரிமை தானே வந்து சேராது. பிறந்த ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் தக்க காரணம் காட்டி அமைச்சரின் இசைவு பெற வேண்டும். கடலில் படகேறித் தப்பி வந்தவரிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? வீடு எரிந்தபோது திருமணச் சான்றும் எரிந்திருக்கும். எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அந்த அரசின் வாசலிலேயே போய்ப் பிள்ளையின் பெயரைப் பதியப் பல தாய்மார் அஞ்சினர். ஆண்டுகள் ஓடின, பதிவு நின்றது, பிள்ளையின் நாடும் நழுவிற்று.

மலையகத் தமிழரின் நிலை இன்னும் கொடிது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்குப்போட்டுப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். பிறக்கவிருந்த பிள்ளைகளும் பெற்றோரின் கணக்கிலேயே அடங்கினர். சந்தையில் மூட்டைகளை எண்ணுவதுபோல் எண்ணினார்கள். மூட்டைகளைக் கேட்பதில்லையே, மனிதர்களையும் எவரும் கேட்கவில்லை.

இரண்டாம் கதவு நம்முடையது. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் பெருந்தன்மையுடன் இருந்தது. இம்மண்ணில் பிறந்த எவரும், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, இந்நாட்டவரே என்றது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும் என்று அது குறுகிற்று. 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகிற்று: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராயிருந்து மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராக இருக்க வேண்டும்.

மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த பெண்ணொருவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். அவர் பிறப்பால் இந்தியரே என்று கொண்டு, கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் பணித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். மகிழ்ச்சியே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அதே முகாமில், அத்தகைய பெற்றோருக்கு, 1987 ஜூன் 30 இரவு பிறந்த பிள்ளை இந்தியர், மறுநாட்காலை பிறந்த பிள்ளை அயலார். தாயின் வயிற்றிலிருந்து சில மணி நேரம் தாமதித்து வந்ததுதானா அதன் குற்றம்?

‘சட்டவிரோதக் குடியேறி’ என்னும் சொல்லுக்குச் சட்டமே தரும் பொருளைப் பாருங்கள்: உரிய பத்திரமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த அயலார், அல்லது பத்திரத்துடன் நுழைந்து காலம் கடந்தும் தங்கியவர். இரண்டிலும் ‘நுழைதல்’ உண்டு. கும்மிடிப்பூண்டியில் பிறந்த பிள்ளை எங்கிருந்து நுழைந்தது? எந்தக் கடலைக் கடந்தது? எந்த எல்லையைத் தாண்டிற்று? தாய் வயிற்றுக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள எல்லை ஒன்றே! அதைத் தாண்டாதவர் நம்மில் எவர்?

இந்தியா என்ன தருமசத்திரமா என்ற பொருள்பட, 2025 மேயில், தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்ற அமர்வு வினவிற்று. சத்திரம் வழிப்போக்கனுக்கு உரியது. சத்திரத்திலேயே பிறந்து, வளர்ந்து, மணந்து, பிள்ளை பெற்று, பெற்றோரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தவனை வழிப்போக்கன் என்பது எங்ஙனம்?

2021இல் தமிழக அரசு அகதிகள் முகாமுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிற்று. புது வீடுகளுக்கும் நிதி ஒதுக்கிற்று. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பத்திரமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. நன்றி சொல்வோம். ஆனால் சிறையில் தள்ளமாட்டோம் என்பது வேறு, வீட்டுக்குள் வா என்பது வேறு. கூரை மாறிற்று, குடியுரிமை மாறவில்லை.

இனி நம்மவர் சிலர் சொல்லும் மறுப்புகளுக்கு வருவோம்.

“முகாமில் இருப்போர் பெரும்பாலும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். நமக்கென்ன?” என்பது முதல் மறுப்பு. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை இவர்கள் மறந்தனரா? மூன்று நாடுகளையும் ஆறு சமயங்களையும் அது பெயர் சொல்லி அழைத்தது. அந்நாடுகளில் இலங்கை இல்லை. அச்சமயங்களில் இஸ்லாம் இல்லை. முகாமின் இந்துவும் நாமும் ஒரே சட்டத்தின் ஒரே வாசலில் வெளியே நிறுத்தப்பட்டோம். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் அதற்கெதிராகத் தீர்மானம் நிறைவேற்றியபோது இரு அநீதிகளையும் கருதியே நிறைவேற்றிற்று. நமக்கு நேர்ந்ததை மட்டும் அநீதி என்றும், அண்டையாருக்கு நேர்ந்ததை விதி என்றும் சொல்ல நமக்கு நா எழலாமா?

“1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விரட்டினார்களே!” என்பது இரண்டாம் மறுப்பு. உண்மை. வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப்புலிகள் வெளியேற்றினர். அவ்வடு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆயினும் அதைச் செய்தவர் துப்பாக்கி ஏந்தியோர், கும்மிடிப்பூண்டியின் தொட்டிற்பிள்ளையன்று. புத்தளத்து முகாம்களில் நம் சகோதரரின் பிள்ளைகள் எதை இழந்து வளர்ந்தனரோ அதையே இப்பிள்ளைகளும் இழந்து வளர்கின்றனர். வலியறிந்தவனே பிறர் வலியைப் பழிவாங்கும் பொருளாக்கினால், அறியாதவனை எவ்வாறு குறை கூறுவது?

நம் வரலாறு என்ன சொல்கிறது? மக்கத்துக் கொடுமை தாங்காமல் நபித்தோழர் அபிசீனியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அடைக்கலம் தந்தார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ் அந்நிய மண்ணிலேயே பிறந்தார். ஹிஜ்ரி 7இல் அக்குடும்பம் மதீனா திரும்பியபோது, ‘இப்பிள்ளையின் பிறப்பு எங்கே பதியப்பட்டது’ என்று எவரும் கேட்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மார்போடணைத்து வரவேற்றார்கள். ஜகாத்துக்குரிய எண்வகையினருள் வழிப்போக்கரையும் வைத்த மார்க்கம் நம்முடையது.

புலம்பெயர்தல் நமக்குப் புதிதுமன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பொருள் தேடாத ஊர் நம்மில் எது? ஆறு மாதம் ஊரில் தங்கிவிட்டால் விசா போகும் என்றும், மறுநுழைவு அனுமதி தவறினால் பிள்ளையின் நிரந்தர வாசத் தகுதி பறிபோகும் என்றும் அஞ்சி, நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் நம் வீடுகளில் உள்ளனர். அவர்களுக்குத் திரும்பி வர ஓர் ஊராவது இருக்கிறது. முகாம் பிள்ளைக்கு அதுவுமில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. இம்மண்ணில் பிறந்து, வேறெந்த நாடும் ஏற்காத பிள்ளையை இந்நாடு ஏற்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெற உரிமையுண்டு என்னும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இலும் இலங்கை 1991இலும் ஏற்றன. கையெழுத்திட்ட கை அதை நிறைவேற்றட்டும். திரும்பிச் செல்ல விரும்புவோருக்கு இலங்கை பழைய தாமதத்தைக் காரணம் காட்டாமல் பதிவைத் திறந்துவிடட்டும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு கடமையுண்டு. ரமலானில் அரிசி தருவது நன்மை. பிறப்புச் சான்று பெறவும் விண்ணப்பம் எழுதவும் நம் வழக்கறிஞரும் பட்டதாரிகளும் துணை நிற்பது அதனினும் நெடிய நன்மை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் இம்மக்களுக்காக உழைக்கிறது. அதன் கைக்கு நம் கையும் சேரட்டும். அரிசி ஒரு மாதத்தில் தீரும். ஒரு பத்திரம் தலைமுறைக்கும் நிற்கும்.