ஒரே காரில் ஆறு வாங்குபவர் பைத்தியக்காரரா?

அமெரிக்காவில் சில செல்வந்தர்கள் ஒரே ரகத்தைச் சேர்ந்த அரிய பழைய காரைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்துவதில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று அதே காரையே வாங்கி வரிசையாக நிறுத்தி வைக்கிறார்கள். அவற்றை ஓட்டுவதும் அபூர்வம். இதைக் கேள்விப்படும் எம்மவர்கள் "காசு கூடினால் புத்தி குறையும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். முல்லைத்தீவில் மோட்டார் உதிரிப்பாகக் கடை நடத்தும் எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. அந்தச் செல்வந்தர்கள் செய்வதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல்தான் வன்னியில் பலர் பெறுமதியான பொருளை இரும்பு விலைக்குக் கொடுத்து முடித்தார்கள்.

முதலில் அந்தக் கார் எது என்று பார்ப்போம். "மசில் கார்" என்று அமெரிக்கர் சொல்வது, நடுத்தர அளவு உடம்புக்குள் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திய காரை. 1964 இல் வந்த பொன்டியக் ஜீ.ரீ.ஓ. தான் இதற்குத் தொடக்கம் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் மிக அரியவற்றுள் ஒன்று 1971 ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா, அதிலும் துணிக்கூரையை மடிக்கக்கூடிய ரகம். 7 லீற்றர் எஞ்சின், 425 குதிரைவலு. அந்த ஆண்டு செய்யப்பட்டவை ஒரு டஜனைத் தாண்டாது. புதிதாக விற்றபோது நாலைந்து ஆயிரம் டொலர்தான். 2014 இல் அதில் ஒன்று ஏலத்தில் 35 இலட்சம் டொலருக்குப் போனது.

ஏன் இவ்வளவு குறைவாகச் செய்தார்கள்? அரியது என்று தெரிந்து செய்யவில்லை. வாங்க ஆள் இல்லாததால் செய்யவில்லை. வேகமான கார்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. புகை பற்றிய சட்டங்கள் இறுகின. 1973 இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து கதையை முடித்தது. 1969 இல் வந்த ஷெவ்ரோலே கமாரோ இசட்.எல்.1 என்ற காரில் செய்யப்பட்டது 69 மட்டுமே. ஐம்பது காருக்கு ஓடர் கொடுத்த விற்பனையாளர் ஒருவர் விலைச்சிட்டையைப் பார்த்துத் திகைத்து, பெரும்பகுதியைக் கம்பனிக்கே திருப்பி அனுப்பினார். அன்று கடையில் தேங்கிய சரக்கு இன்று கோடிக்கணக்கான ரூபாய் பெறும். வியாபாரிகள் மனதில் வைக்க வேண்டிய செய்தி இது.

ஒன்று போதாதா?

போதாது என்பதற்கு அவர்களிடம் காரணங்கள் இருக்கின்றன. எனக்கு விளங்கிய மட்டில் அவை நான்கு.

முதலாவது, இளமையின் ஏக்கம். பதினேழு வயதில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த காரை ஐம்பது வயதில் வாங்குகிறார்கள். இது முதலாவது காருக்குக் காரணமாகும். ஆறாவது காருக்கு ஆகாது.

இரண்டாவது, எமது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அவர்களது கண்ணுக்கு ஒன்றல்ல. ஒன்று கையால் கியர் போடுவது, மற்றது தானாக மாறுவது. நிறம் வேறு, உள் இருக்கை வேறு. எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருந்தால் ஒரு விலை, எஞ்சின் மாறியிருந்தால் வேறு விலை. பட்டுப்புடைவைக் கடையில் எமது பெண்கள் ஒரே சிவப்பில் பத்து வித்தியாசம் காண்பதில்லையா? அது போலத்தான்.

மூன்றாவது, உதிரிப்பாகமும் அறிவும். செய்வதை நிறுத்திவிட்ட காருக்கு இன்னொரு காரே களஞ்சியம். இரண்டை அருகருகே நிறுத்திப் பார்ப்பவருக்குத்தான் எந்த ஆணி அசல், எது பின்னர் போட்டது என்று தெரியும். அப்படி ஆறு காரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தவரை ஏழாவது காரில் யாரும் ஏமாற்ற முடியாது.

நான்காவதுதான் பெரிய காரணம். உலகத்தில் பன்னிரண்டே இருக்கும் பொருளில் நான்கை ஒருவர் வைத்திருந்தால் சந்தையில் விலை சொல்பவர் அவரே. ஐந்தாவது கார் ஏலத்துக்கு வரும்போது அவர் கூட்டிக் கேட்டால் நட்டமில்லை. அந்த ஒரு காரின் விலை ஏறினால் வீட்டில் நிற்கும் நான்கின் விலையும் ஏறும். அவர் வாங்குவது காரை அல்ல, விலை சொல்லும் உரிமையை.

வன்னியின் கணக்கு

இதெல்லாம் கோடீஸ்வரர்களின் விளையாட்டு, எமக்கென்ன என்று கேட்கலாம். ஆனால் ஒரே காரில் இரண்டு மூன்று வைத்திருக்கும் வழக்கம் வட மாகாணத்துக்குப் புதியதல்ல. எமது கார்களின் பெயர்கள் ஒஸ்டின் சோமர்செட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர்.

மைனர் 1948 இல் பிரித்தானியாவில் வெளிவந்தது. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் அதுதான். 1956 முதல் வந்த மைனர் 1000 இன் எஞ்சின் 948 சீசீ, 37 குதிரைவலு. அமெரிக்கக் காரின் பதினொன்றில் ஒரு பங்கு வலுக்கூட இல்லை. ஆனால் 1960களிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுக்கப்பட்டு, 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே இந்நாட்டின் வழியாயிற்று. முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு பக்கங்களில் ஹயர் ஓடியவை இந்தக் கார்களே.

1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டபோது இவற்றின் மதிப்பு இன்னொரு விதத்தில் தெரிந்தது. எஞ்சினின் அமுக்கம் குறைவு என்பதால் சிறிது பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்துவிட்டால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். புகை கக்கும், மணக்கும், ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும். புதிய ஜப்பான் கார் கொட்டிலில் நிற்க, நாற்பது வருட ஒஸ்டின் ஓடியது. அதை ஓட விடுவதற்காக இரண்டாவது ஒஸ்டினைப் பின்வளவில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அமெரிக்கச் செல்வந்தரின் மூன்றாவது காரணம் இங்கே ஏழையின் முதலாவது காரணமாக இருந்தது.

அந்தக் காலத்தை நான் நேரில் காணவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எமது குடும்பமும் தண்ணீரூற்றை விட்டுப் புத்தளம் போனது. வாப்பாவின் ஹயர் கார் முற்றத்தில் நின்றபடியே நின்றது. புத்தளத்தில் ஓர் உதிரிப்பாகக் கடையில்தான் தொழில் பழகினேன். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது காரும் இல்லை, அதன் புத்தகமும் இல்லை. தடைக்காலத்தில் காரை ஓட்டிய கதையை எனக்குச் சொன்னவர்கள் இங்கேயே இருந்து ஓட்டிய தமிழ்ச் சகோதரர்களும் அவர்களது மெக்கானிக்குகளும்.

இரும்பு விலைக்குப் போனவை

2009 இல் யுத்தம் முடிந்தபோது வெள்ளமுள்ளிவாய்க்கால், புதுமாத்தளன் பக்கங்களில் மக்கள் விட்டுச் சென்ற வாகனங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. சைக்கிள், மோட்டார் சைக்கிள், லொறி, பஸ், கார் எல்லாம். அவற்றோடு உயிரும் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்த இழப்புக்கு முன் காரின் விலையைப் பற்றிப் பேசுவது சிறிய விடயம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உயிர் தப்பி வந்தவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த வாகனமாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு.

அதற்குப் பிந்திய ஆண்டுகளில் பழைய இரும்பு வியாபாரம் இங்கே கொடிகட்டிப் பறந்தது. எமது ஆட்களும் அதில் இருந்தார்கள். இரும்பு வியாபாரம் கெளரவமான தொழில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓடக்கூடிய எஞ்சினும் சேஸி இலக்கமும் இருந்த கார்கள் கிலோக் கணக்கில் தராசில் ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது, அலைவதற்குக் காசில்லை, வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்பதே விற்றவர்களின் நிலை. அவர்களைக் குறை கூற முடியாது. பிறகு தெற்கிலிருந்து பழைய கார்ப் பிரியர்கள் வந்தார்கள். முற்றத்தில் நின்ற மைனரைச் சுற்றிப் பார்த்து, "இது ஓடாதே" என்று சொல்லி, கேட்ட விலையில் பாதிக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். வாங்கியவருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியும். விற்றவருக்குத் தெரியாது. நட்டம் வந்தது அந்த இடைவெளியில்தான்.

அப்பொழுதே பிரித்தானியாவில் இந்தக் காருக்கு நிலையான கிராக்கி இருந்தது. பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர் 1990களிலேயே இலங்கையில் மைனருக்கான பாகங்களைச் செய்விக்கத் தொடங்கியிருந்தார். எமது தகரக்காரனின் கைவேலைக்கு வெளிநாட்டில் சந்தை இருந்தது. அந்தச் செய்தி வன்னிக்கு வந்து சேரவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வராதிருந்தபோது முழு நாடும் இந்தப் பாடத்தைப் படித்தது. ஐந்து வருடம் ஓடிய சிறிய ஜப்பான் கார் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றது. புதிய வரத்து நின்றால் கையிலுள்ளவன் சொல்வதே விலை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இறக்குமதி திறந்ததும் அந்தக் கணக்கு மாறத் தொடங்கியதையும் மறக்கக் கூடாது. மைனரை மீண்டும் எந்தக் கம்பனியும் செய்யப் போவதில்லை. ஜப்பான் கார் நாளையும் கப்பலில் வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் காசைப் போடுபவர் ஏமாறுவார்.

எச்சரிக்கையும் வேண்டும்

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே கடன் வாங்கிப் பழைய கார் சேர்க்கப் புறப்பட வேண்டாம். அமெரிக்காவில் மசில் கார்களின் விலை 2006 அளவில் உச்சத்துக்குப் போய், 2008 இன் நிதி நெருக்கடியோடு சரிந்தது. கடன் பட்டு வாங்கியவர்கள் அடிபட்டார்கள், சொந்தக் காசில் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். ரெஜி ஜாக்சன் என்ற பிரபல பேஸ்போல் வீரர் சேர்த்து வைத்த கார்களில் பல, 1988 இல் களஞ்சியத்தில் ஏற்பட்ட தீயில் எரிந்து போயின. எமது ஊரில் தீயை விட உப்புக் காற்றே பெரிய பகை. கடற்கரைப் பக்கம் மூடாமல் நிறுத்திய கார் ஐந்து மாரியில் சல்லடையாகிவிடும்.

மார்க்கக் கணக்கும் ஒன்று உண்டு. சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு ஸகாத் இல்லை. விற்கும் நிய்யத்தோடு வாங்கி வைத்தால் அது வியாபாரப் பொருள். ஆண்டு நிறைந்ததும் சந்தை மதிப்பில் இரண்டரை வீதம் கணக்குப் பார்க்க வேண்டும். "ஆசைக்கு வைத்திருக்கிறேன்" என்று உலகத்துக்குச் சொல்லலாம், நிய்யத்தை அறிபவனிடம் அது செல்லாது. அதே போல, அரிய காரை ஆறு வாங்குவதால் எந்த ஏழையின் அடுப்பும் அணையாது. ஆனால் ஹயர் ஓட்டிப் பிழைப்பவருக்குத் தேவையான காபரேட்டரைப் பத்தாகப் பூட்டி வைத்து விலையேறக் காத்திருப்பது வேறு விடயம். அது பதுக்கல். அதை மார்க்கம் அனுமதிக்கவில்லை.

செய்யக்கூடியவை

இன்னும் வடக்கில் ஒஸ்டினும் மைனரும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. கொட்டிலில், மாமரத்தின் கீழ், கோழி அடையும் இடமாகச் சில நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு, எந்தச் சமூகத்தவராயினும், ஒரு வியாபாரியாக நான் சொல்வது இதுதான். எஞ்சின் இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் சுரண்டிப் பார்த்து எழுதி வையுங்கள். பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதற்கான வழியைக் கேளுங்கள். புத்தகம் இருக்கும் காருக்கும் இல்லாத காருக்கும் உள்ள விலை வித்தியாசம் எந்தப் பெயின்ற் வேலையாலும் வராது. பழைய இலக்கத் தகட்டைக் கழற்றி எறியாதீர்கள். விற்பதென்றால் குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். முதலில் வந்தவர் அவசரப்படுத்தினால் அதுவே அந்தக் கார் நல்ல பொருள் என்பதற்கு அடையாளம்.

அதைவிடப் பெரியது, இந்தக் கார்களைக் காது கொடுத்துக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகள். எழுபது வயதைத் தாண்டிய சிலர் இன்னமும் எம்மிடையே இருக்கிறார்கள். கராஜில் வேலை பழகும் எமது பிள்ளைகள் கணினி பூட்டிப் பார்க்கும் வேலையோடு இவர்களிடமும் ஆறு மாதம் பழகட்டும். கொழும்பிலுள்ள பழைய கார்ப் பிரியர் நல்ல சம்பளம் கொடுத்துத் தேடும் கை அது. காரை விற்றுவிட்டாலும் அந்தக் கை எம்மிடம் இருந்தால் அதைத் திருத்தவாவது எம்மிடம் வருவார்கள். அதுவும் போய்விட்டால், அமெரிக்கச் செல்வந்தரைப் பார்த்துச் சிரிப்பதற்குக்கூட எமக்கு உரிமை இருக்காது.