நாலு லிட்டர் தண்ணீர் சிறுநீரகத்தைக் காப்பாற்றாது

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி: "தினமும் நாலு லிட்டர் தண்ணி குடிங்க, கிட்னிக்கு ஒண்ணும் வராது." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் இதை நம்பி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.

நிறையக் குடித்தால் சிறுநீரகம் கழுவிவிட்டதுபோல் ஆகும் என்கிறார்கள். அது ஏற்கெனவே நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியை உடம்புக்கே திருப்பித் தருகிறது. நாம் கூடுதலாக ஊற்றும் இரண்டு லிட்டர் அந்த வேலையைக் குறைக்காது. கனடாவில், சிறுநீரகம் ஓரளவு பாதிக்கப்பட்ட 631 பேரில் ஒரு பிரிவினரை அதிகம் குடிக்கச் சொல்லி ஓராண்டு கவனித்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, சிறுநீரகத் திறன் குறைவதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கல் வந்து அவதிப்பட்டவருக்குத் தண்ணீர் மருந்துதான். உப்பளத்திலும் வயலிலும் வெயிலில் நிற்பவருக்கு அது கட்டாயம் வேண்டும். மற்றவர்கள் தாகத்துக்குக் குடித்தால் போதும்.

"சுகர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்பது இதைவிட ஆபத்தான பேச்சு. சிறுநீரகம் பழுதடைய முதன்மைக் காரணங்கள் கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். திறன் மிகவும் குறைந்த பிறகு மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நிறுத்துவார். அதைப் பார்ப்பவர்கள் மாத்திரைமேல் பழி போடுகிறார்கள். மாத்திரையைத் தாமாக விட்டவர்கள் சில ஆண்டுகளில் டயாலிசிஸுக்கு வந்து நிற்பது மனதை வதைக்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டிய மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. மூட்டுவலி, இடுப்புவலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2006இல் இந்தியா அதை மாடுகளுக்குத் தடை செய்தது. மனித உடம்பு கழுகுபோல் அவ்வளவு சீக்கிரம் விழாது. ஆனால் சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர் மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடரவே கூடாது.

உப்பு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததே: நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பு என்றால் தாராளமாகப் போடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அதுவும் சோடியம் குளோரைடுதான்.

கடைசியாக, "சிறுநீர் நல்லாப் போகுது, கிரியாட்டினினும் நார்மல்" என்ற நிம்மதி. வடிகட்டும் திறன் பாதி போன பிறகும், ரத்தத்தில் உள்ள கழிவுப்பொருளான கிரியாட்டினின் சரியாகவே காட்டக்கூடும். சிறுநீரும் வழக்கம்போல் பிரியும். முகத்திலும் காலிலும் வீக்கம் வரும்வரை காத்திருந்தால் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். சர்க்கரையோ அழுத்தமோ இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், கிரியாட்டினின் எவ்வளவு இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தால் தடுத்து நிறுத்த வாய்ப்புள்ள காலம் அதுதான்.