ஊதப்போவது யாருங்க?

பள்ளி பேண்டில் ட்ரம்பெட் ஊதும் என் தம்பியை யூஃபோனியத்துக்கு மாறச் சொல்லிவிட்டார் பேண்ட் மாஸ்டர். வீட்டில் ஒரே ரகளை! "மூணு வருஷம் பழகினது வீணா?" என்கிறார் அப்பா.

காமர்ஸ் படிக்கிறவன் சொல்றேன்... போன செலவு போனதுதான். அதை வைத்து நாளைய முடிவை எடுக்கக்கூடாது. அதுவும் இங்கே எதுவும் வீணில்லை. இரண்டுமே பி-ஃபிளாட் வாத்தியம். யூஃபோனியத்துக்கு ட்ரெபிள் கிளெஃபில் எழுதினால் விரல் வைப்பும் அதேதான்; ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. பெரிய மவுத்பீஸுக்கு உதடும், கூடுதல் மூச்சும்தான் புதிதாகப் பழகணும்.

அப்பாவுக்கு உண்மையில் வலிப்பது முன்வரிசை போகிறதே என்பது. மாஸ்டருக்கோ காலி இடம் நிரம்பணும். மேல் ஸ்தாயிக்காக அழுத்தி அழுத்தி உதடு வீங்கி வருகிறவனை இருவருமே கேட்கவில்லை!

ஒரு மாதம் ஊதிப் பார்க்கட்டும். பிறகு அவன் சொல்வதுதான் முடிவு.